நடைப்பிணம்னு யாரச் சொல்றீங்க?

நம்ம தோழர்கள் எழுதுகிற துண்டறிக்கைகளில் ஒரு சொல் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'நடைப்பிணங்களாய் வாழும் நம் மக்கள்.' சில பேர் 'சொரணையற்ற நடைப்பிணங்களாய்' என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி எழுதுவார்கள். ஏப்ரல் மாதம் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் அறிக்கை எழுதிக் கொண்டுவந்து, 'பிழை பாத்துக் குடுங்கண்ணே' என்றார். முதல் வரியிலேயே அது இருந்தது. அடித்தேன். 'ஏண்ணே, சரியாத்தான இருக்கு?' என்றார். சந்திப்பிழை ஒன்றும் இல்லைதான். எங்கே நின்று பார்த்தால் ஒரு மனுஷன் நடைப்பிணமாகத் தெரிவான் என்பதுதான் என் கேள்வி. அச்சகத்துக்குப் போகிற அவசரத்தில் அதை அவரிடம் விளக்க முடியவில்லை. பேய்ப்படங்களை வைத்துச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன். சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வருஷமாக நான் பேய்ப்படம் பார்க்கிறவன்.

இங்கிலீஷ் பேய்ப்படங்களில் ஜோம்பி என்று ஒரு இனம் உண்டு. செத்த உடம்பு எழுந்து நடக்கும். நம்மூர்ப் பேய் வேறு, அது வேறு. நம்மூர்ப் பேய்க்கு உடம்பு கிடையாது. ஆனால் பேர் உண்டு, கோபம் உண்டு, ஆசை உண்டு. யார் வீட்டு மருமகள், எந்தக் கிணற்றில் விழுந்தாள், எதனால் விழுந்தாள் என்று ஊருக்கே தெரியும். பூ கேட்கும், பொட்டு கேட்கும், கோழி கேட்கும். கேட்டதை வாங்காமல் போகாது. ஜோம்பிக்கு உடம்பு மட்டும்தான். கேட்பதற்கு அதனிடம் ஒன்றும் கிடையாது. என்னைக் கேட்டால் நம்ம பேய் எவ்வளவோ மேல்.

இன்றைக்குப் படங்களில் வருகிற ஜோம்பி கடிக்கிறது, கறி தின்கிறது, கூட்டமாக வந்து கதவை இடிக்கிறது. இதெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது. பழைய பயம் இது அல்ல. ஜோம்பியின் சொந்த ஊர் ஹைத்தி. முன்னே அது பிரெஞ்சுக்காரன் காலனி, ஸான் தொமாங் என்று பேர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த ஜனங்களை வைத்துக் கரும்பும் காப்பியும் பயிர் செய்த இடம். வந்த ஆள் சில வருஷத்தில் செத்துப்போவான், அவன் இடத்துக்கு இன்னொருத்தனைக் கப்பல் கொண்டுவந்து இறக்கும். ஆளை வைத்துக் காப்பாற்றுவதைவிடப் புது ஆளை வாங்குவது லாபம் என்று கணக்குப் போட்டவர்கள். அந்த ஜனங்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. செத்தால் ஆவி கடலைத் தாண்டிக் கினியாவுக்கே திரும்பிப் போய்விடும். சாவுதான் ஊருக்குப் போகிற வழி. அந்த நம்பிக்கையின் அடியிலேயே ஒரு பயமும் கிடந்தது. செத்த பிறகும் போகவிடாமல், குழியிலிருந்து எழுப்பி, மறுபடி கரும்புக் கொல்லைக்கே ஓட்டிவிட்டால்? அப்படி எழுப்புகிற மந்திரக்காரனைப் பொக்கோர் என்கிறார்கள். ஜோம்பி வந்து தங்களைப் பிடிக்கும் என்று அவர்கள் நடுங்கவில்லை. தாங்கள் ஜோம்பி ஆகிவிடுவோமோ என்று நடுங்கினார்கள். சாவுக்கு அப்பாலும் வேலை முடியாது என்பதைவிடப் பெரிய பயம் ஒரு அடிமைக்கு என்ன இருக்க முடியும்?

இவர்கள் சும்மா நடுங்கிக்கொண்டிருந்த ஜனங்களும் இல்லை. 1791இல் எழுந்தார்கள். 1804 ஜனவரி 1ஆம் தேதி சுதந்திர நாடு என்று அறிவித்தார்கள். அடிமைகளே எழுந்து அடிமை முறையை உடைத்து ஒரு நாட்டைக் கட்டிய வரலாறு அது. அதற்குப் பிறகும் அந்தப் பயம் மட்டும் தங்கிவிட்டது. நெடுநேரம் உணர்வில்லாமல் கிடக்கச் செய்கிற பொருளைக் கொடுத்து, அதனால் ஒருவர் புதைக்கப்பட்டால் அது கொலையே என்று ஹைத்தியின் பழைய தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவே உண்டு.

1915இல் அமெரிக்க ராணுவம் ஹைத்தியில் இறங்கியது. 1934 வரை நகரவில்லை. சாலை போடுவதற்கு ஜனங்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்கினார்கள். இந்தக் காலத்தில்தான் வில்லியம் ஸீப்ரூக் என்ற அமெரிக்கர் அங்கே சுற்றிவிட்டு 1929இல் 'தி மேஜிக் ஐலண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மசாலா கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் ஜோம்பியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது அந்தப் புத்தகம். மூன்றே வருஷத்தில், 1932இல், விக்டர் ஹால்பெரின் 'ஒயிட் ஜோம்பி' எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தில் ஒரு சர்க்கரை ஆலை வரும். பெலா லுகோஸிதான் முதலாளி, அவன்தான் மந்திரக்காரனும். ஆலைக்குள் வரிசையாக ஆட்கள் கூடையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். நடுவில் பெரிய அரவை. அதைச் செக்குமாடுபோல ஆட்களே தள்ளிச் சுற்றுகிறார்கள். மரம் கிறீச்சிடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. மேலே நடந்து போகிறவன் ஒருவன் கால் தவறி அரவைக்குள் விழுகிறான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரவையும் நிற்கவில்லை. அடுத்தவன் கூடையோடு வருகிறான். தன் ஆட்கள் விசுவாசமானவர்கள், வேலை நேரம் நீளமாக இருக்கிறது என்று கவலைப்படாதவர்கள் என்று முதலாளி இன்னொரு தோட்டக்காரனிடம் பெருமை பேசுகிறான்.

எங்க பக்கம் கரும்புச் சீமை. தென்னாற்காடு. அப்பா கரும்பு வெட்டப் போனவர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் வெட்டு முடிகிறவரை குடும்பமே கொல்லையில்தான். சோகையால் குடிசை போட்டுக்கொள்வோம். கோழி கூப்பிடுமுன் கத்தியை எடுக்க வேண்டும். சோகை அறுத்து அறுத்து அப்பாவின் கை சுரண்டின பாத்திரம்போல இருக்கும். அதனால் அந்த ஆலைக் காட்சி எனக்குப் பேய்ப்படமாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும்தான் இடித்தது. நான் பார்த்த வெட்டாட்கள் யாரும் அப்படி மூச்சுவிடாமல் வேலை செய்ததில்லை. அப்பா மேஸ்திரியை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டேதான் வெட்டுவார், அவன் காதுக்கு எட்டாத தூரமாகப் பார்த்து. முதலாளி கண்ணுக்கு மட்டுமே கூலியாட்கள் அந்தப் படத்தில் வருகிற மாதிரித் தெரிவார்கள். காமிரா அவன் நிற்கிற இடத்தில் நிற்கிறது.

தலைப்பையும் பாருங்கள். ஆலையில் கறுப்பர்கள் அத்தனை பேர் ஜோம்பியாகச் சுற்றுவது கதை இல்லை. கல்யாணம் ஆகிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஜோம்பி ஆக்கிவிட்டார்கள், அவளை மீட்பதுதான் கதை. கறுப்பன் ஜோம்பியானால் அது ஆலை. வெள்ளைக்காரி ஆனால்தான் அது பயங்கரம்.

ஸீப்ரூக் புத்தகத்தில் இருக்கிற ஒரு விஷயத்தைப் படக்காரர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியம். ஜோம்பிக்கு உப்புப் போட்ட சோறு கொடுக்கக் கூடாது. உப்பு நாக்கில் பட்டால் தான் யார் என்று அதற்குத் தெரிந்துவிடும். அமெரிக்கக் கம்பெனி கரும்புக் கொல்லைக்கு ஒரு மேஸ்திரி ஜோம்பி ஆட்களை ஓட்டிக்கொண்டுவந்து அவர்கள் கூலியைத் தானே வாங்கிக்கொள்கிறான். அவன் பெண்டாட்டி உப்பில்லாமல் தனியாக ஆக்கிப்போடுகிறாள். ஒரு திருவிழா நாளில் பாவம் பார்த்துத் தின்பண்டம் வாங்கித் தருகிறாள். அதில் இருந்த கொட்டையில் உப்பு சேர்த்திருக்கிறது, அவளுக்குத் தெரியாது. தின்றதும் அத்தனை பேரும் ஓலமிட்டு எழுந்து, யார் தடுத்தும் நிற்காமல், மலை ஏறித் தங்கள் ஊருக்கு நடந்து, தங்கள் தங்கள் குழியைத் தேடிப்போய் விழுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. 'சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கற?' என்று நாம் கேட்பதில்லையா? ரோஷம் இல்லையா, மானம் இல்லையா என்பதற்கு நம் பேச்சில் அதுதான் கேள்வி. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடிமைகளும் உப்பைத்தான் சொரணை என்று வைத்திருக்கிறார்கள். வேர்வையும் கண்ணீரும் கரிப்பதால் இருக்கலாம்.

ஆனால் நம் ஊரில் உப்புக்கு இன்னொரு வேலையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை.' எங்கள் தாத்தா படியாளாக இருந்த வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே வேலை வாங்கினார்கள். கூழோடு ஒரு கல் உப்பும் இலையில் வைப்பார்கள். ஒரு நாள் உடம்பு முடியவில்லை என்று போகாவிட்டால், 'எங்க உப்பத் தின்னுட்டு எங்களுக்கே துரோகம் பண்றியாடா?' ஹைத்தியில் எஜமான் உப்பை ஒளித்து வைத்தான். இங்கே ஆண்டை உப்பைக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொண்டான். எது கெட்டிக்காரத்தனம் என்று சொல்லுங்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தாத்தா வாங்கின கடன் சட்டப்படி அடிபட்டுப்போனது. உப்புக் கடன் அடிபட்டதாகத் தாத்தா கடைசிவரை நினைக்கவில்லை.

1943இல் ஜாக் டூர்னர் எடுத்த 'ஐ வாக்ட் வித் எ ஜோம்பி' பற்றி ரெண்டு வார்த்தை. அதுவும் கரும்புத் தீவுதான். வேலைக்கு வருகிற வெள்ளைக்கார நர்ஸிடம் வண்டிக்காரக் கறுப்பர், தங்கள் முன்னோர்களைக் கப்பலின் அடியில் சங்கிலி போட்டுக் கொண்டுவந்த கதையைச் சொல்கிறார். அவள், ஆனாலும் அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள் என்கிறாள். நீங்க சொன்னா சரிங்கம்மா என்கிற மாதிரி அவர் ஒரு பதில் சொல்கிறார். அந்தப் பதிலை நம் ஆட்கள் தினமும் ஊர்த்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவில் பிள்ளை பிறந்தால் அழுவார்கள், செத்தால் கொண்டாடுவார்கள் என்றும் படத்தில் வருகிறது. எஜமான் குடும்பத்து ஆள்தான் அதைச் சொல்கிறான். சாவுக்குப் பறையடித்துக் குழி வெட்டின பரம்பரையில் பிறந்தவனுக்கு அதில் ஒன்றும் வினோதம் தெரியாது.

தொண்ணூறுகளில் நம்ம சிறுபத்திரிகைகள் கறுப்பர் கவிதைகளையும் கட்டுரைகளையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தன. 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியது, 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் கறுப்புச் சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டது எல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்தச் சூட்டோடு ஒரு தோழர் வீடியோ கேசட் ஒன்று கொண்டுவந்தார். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968. பிரதியில் காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து விற்றார்கள். அதனால்தான் எங்கள் வாடகை டெக் வரைக்கும் வந்து சேர்ந்தது.

செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பென் ஒருவன்தான் கறுப்பன். டுவான் ஜோன்ஸ் நடித்தது. அவன்தான் பலகை அடிக்கிறான், தீ வைத்து விரட்டுகிறான், பயந்து கிடக்கிற பெண்ணுக்குச் செருப்புத் தேடிக் கொடுக்கிறான். அவன் நிறத்தைப் பற்றிப் படம் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாக நடித்துக் காட்டினார், அதனால் எடுத்தோம் என்றுதான் ரொமேரோ சொல்லிவந்தார். விடிகிறது. மற்றவர்கள் எல்லாம் முடிந்துவிட்டார்கள். அவன் ஒருவன் உயிரோடு நிலவறையிலிருந்து ஏறி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். வெளியே துப்பாக்கியோடு வெள்ளைக்காரக் கும்பலும் ஷெரிப்பும் ஜோம்பி வேட்டையாடிக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தன் குறிபார்த்து நெற்றியில் சுடுகிறான். அதற்குப் பிறகு படம் அசையவில்லை. பத்திரிகைப் புகைப்படம்போலப் புள்ளி புள்ளியாக நிழற்படங்கள். கறிக்கடைக் கொக்கியால் அவனை இழுக்கிறார்கள். கட்டைகளோடு அடுக்குகிறார்கள். கொளுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் கறுப்பர்களைத் தூக்கில் தொங்கவிட்டு, எரித்து, அதைப் படம் பிடித்துத் தபால் அட்டையாக விற்றார்கள். அந்த அட்டைகள் ஞாபகம் வராமல் அந்தக் கடைசி நிமிஷங்களைப் பார்க்க முடியாது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது அந்த 1968 ஏப்ரல் 4. படம் வெளியானது அக்டோபர். டிசம்பர் 25 இரவு நம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்தபோது வெளியே பூட்டிக் கொளுத்தினார்கள். 44 பேர். பெண்களும் பிள்ளைகளும் அதிகம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் இல்லைதான். டெக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நிறுத்திவிட்டு யாரும் பேசாமல் இருந்தோம்.

பென் ராத்திரி பூராவும் உயிரோடு இருந்தான் என்பது நமக்குத் தெரியும், சுட்டவனுக்குத் தெரியாது. அவன் தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. கூப்பிட்டுப் பார்க்கவில்லை. ஜன்னலில் ஒரு உருவம், அவ்வளவுதான். உயிரோடு இருப்பதும் உயிரோடு இருப்பவனாக எண்ணப்படுவதும் வேறு வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் காட்டி நான் பார்க்கவில்லை. நம்மிடம் 2013இல் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடைச்சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கிச் சாகிறவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறங்குகிற அன்றைக்கு அவன் பேரை எழுதிவைக்கிற பதிவேடு கிடையாது. செத்தால் பேப்பரில் அப்பன் பேரோடு வரும்.

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கேசட் கொண்டுவந்த தோழர், 'நம்ம ஜனமும் இந்த ஜோம்பிங்க மாதிரிதான், எழுப்புறதுக்கு ஆள் வேணும்' என்றார். நல்ல உழைப்பாளி. இன்றைக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் செத்த உடம்பை எழுப்பி வேலை வாங்குகிறவனைத்தான் ஹைத்தியில் பொக்கோர் என்கிறார்கள் என்று நான் அப்போதே சொன்னேன். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

நம் பேச்சிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஊர்த்தெருவில் நொடித்துப்போன வீட்டைக் காட்டி 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்பார்கள். சேரியில் எந்த வீட்டையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கெடுவதற்கு முன்னால் வாழ்ந்திருக்க வேண்டுமே. நமக்கு இருப்பது பொழப்பு. 'எப்படிப் பொழப்பு ஓடுது?' 'ஏதோ உசுரு இருக்கு.' இந்தப் பதிலை வைத்துக்கொண்டு, பார், அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஒருத்தன் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்று அவன் பார்க்க வேண்டும். பிடிஓ ஆபீஸ் ஆளிடம் சொல்வது ஒன்று, சம்பந்தியிடம் சொல்வது வேறொன்று.

2017இல் ஜோர்டன் பீல் என்ற கறுப்பர் 'கெட் அவுட்' எடுத்தார். அந்தத் திரைக்கதைக்கு அடுத்த வருஷம் ஆஸ்கர் கிடைத்தது. நேரடித் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பர் அவர். ரொமேரோ படத்தைப் பார்த்துப் பாடம் படித்தவர். இதில் காமிரா இடம் மாறி நிற்கிறது. வசதியான வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களின் உடம்பை ஏலம் எடுத்துத் தங்கள் மூளையை அதில் வைத்துக்கொள்கிறார்கள். உடம்புக்குச் சொந்தக்காரன் சாகவில்லை. உள்ளே ஒரு பாதாளத்தில் கிடந்து, தன் கண் வழியே தானே பார்த்துக்கொண்டிருக்கிறான். கை அவனுடையது, ஆட்டுகிறவன் வேறொருத்தன். போட்டோ எடுக்கும் வெளிச்சம் பளிச்சென்று கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் மேலே வந்து கத்துகிறான். நாயகன் கிறிஸ் தப்பிப்பது எப்படி என்றால், கட்டிப்போட்ட நாற்காலியைப் பிறாண்டி அதிலிருந்த பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொள்கிறான், மயக்குகிற சத்தம் கேட்காதபடி. பருத்திக் கொல்லையில் முதுகொடிந்த ஜனங்களின் பேரனுக்கு அந்தப் பருத்தியே கைகொடுக்கிறது. இதைக் கைதட்டிப் பார்த்தேன்.

2018இல் இந்தப் படத்தை வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பாவுக்கு மூத்தது. எழுபது தாண்டிவிட்டது. ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டாயில் முப்பது வருஷம் சாணி அள்ளின ஆள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. வேலைக்காரப் பெண் ஜார்ஜினா கிறிஸ்ஸிடம் வந்து பேசுகிற காட்சி ஓடியது. உதடு சிரிக்கிறது. தலையை ஆட்டி ஆட்டி, இல்லை இல்லை என்கிறாள். கண்ணிலிருந்து தண்ணி இறங்குகிறது. சிரிப்பு மட்டும் கலையவில்லை.

'இவ அழுவுறாளா சிரிக்கிறாளாடா?' என்றது அத்தை.

'ரெண்டும்தான் அத்தெ.'

'சிரிக்கிறது அவங்க வூட்டுச் சிரிப்பு. அழுவுறதுதான் இவ' என்றது. கதையை நான் அதற்குமேல்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'வேல முடிஞ்சா எங்க போயிப் படுப்பா?' என்று கேட்டது.

'அந்த வூட்லியேதான்.'

'ராத்திரியும் அங்கியேவா? பாவி, அப்ப எந்நேரந்தான் பேசுவா?'

எனக்கு அப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அத்தையே பேசியது. 'நாங்க ஏழெட்டுப் பொம்பளைங்க பொழுது எறங்கினா ஒண்ணா வருவோம். ஓட தாண்டற வரைக்கும் ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டா. தல குனிஞ்சாப்பல வருவோம், பாக்கறவனுக்கு மாடு வர்றாப்பலதான் தெரியும். அந்தாண்ட கரை ஏறினமோ இல்லியோ, ஒருத்தி ஆண்டெ ஊட்டம்மா மாதிரியே இடுப்புல கைய வெச்சிக்கிட்டு, மூக்கச் சுளிச்சி, நடந்து காட்டுவா. சிரிச்சி சிரிச்சிப் புல்லுக்கட்டு கீழ வுழுந்துடும்.'

'யாரு அத்தெ நடந்து காட்டறது?'

'உங்க ஆயாதான். ஓடையில கால வைக்கறப்பவே முந்தானிய இழுத்துச் செருகிக்குவா.'